ஏலத்துல ஜெயிச்சாச்சு, பணம் எப்போ கட்டணும்?

ஃபைனல் இயர் வந்தா நம்ம கேண்டீன்ல ரெண்டு டாபிக்தான் ஓடும். ஒண்ணு பிளேஸ்மென்ட், இன்னொண்ணு "சொந்தமா ஒரு ஜாப் ஒர்க் யூனிட் போடலாமா?". ஓசூர் சிப்காட் பக்கத்துலயே இருக்கோம், அதனால ரெண்டாவது ஆசை நமக்குக் கொஞ்சம் அதிகம். புது மெஷின் விலையைப் பார்த்து மிரண்டவங்க அடுத்து தேடிப் போறது பாங்க் இ-ஏலம். கடன் கட்ட முடியாமப் போன ஷெட், நிலம், மெஷின் எல்லாம் அங்க ஏலத்துக்கு வரும். ஏலம் கேட்கிறது சுலபம், ஒரு கிளிக் போதும். சிக்கல் ஜெயிச்ச பிறகுதான் ஆரம்பிக்குது.

கடிகாரம் எப்படி ஓடும்?

அடமானச் சொத்தை பாங்க் ஏலம் விடுறது 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் கீழ. நிலம், கட்டடம் மாதிரி அசையாச் சொத்துக்குப் பணம் கட்டும் கெடுவை அதன் விதி 9 சொல்லுது. ஓர் உதாரணத்தோட பார்ப்போம்.

ஒரு ஷெட்டின் குறைந்தபட்ச விலை 70 லட்சம்னு வைங்க. ஏலத்துல கலந்துக்கவே முன்வைப்புத் தொகை கட்டணும். வழக்கமா அது 10 சதவீதம், அதாவது 7 லட்சம். நீங்க 80 லட்சத்துக்கு ஜெயிச்சிட்டீங்க.

1. அன்னைக்கே, தவறினா அடுத்த வேலை நாளுக்குள்ள 25 சதவீதம், அதாவது 20 லட்சம் கட்டியிருக்கணும். ஏற்கெனவே கட்டின 7 லட்சம் இதுல சேரும். மீதி 13 லட்சம்.
2. விற்பனை உறுதியான நாள்ல இருந்து 15 நாளுக்குள்ள பாக்கி 60 லட்சம்.
3. முடியலைன்னா, பாங்க் எழுத்துமூலம் ஒத்துக்கிட்டா மட்டும் கெடு நீளும். அதுவும் அதிகபட்சம் 3 மாசம்.

மெஷின் மட்டும் வாங்கினா கெடு வேற. அது ஏல அறிவிப்புல இருக்கும், அதை வரிக்கு வரி படிங்க.

கட்டலைன்னா?

கட்டின பணம் பறிமுதல், சொத்து மறு ஏலம். "கெஞ்சிக் கேட்டா கொடுத்துடுவாங்க"ன்னு நினைக்கிறவங்க ஒரு வழக்கைத் தெரிஞ்சுக்கணும். 2016 டிசம்பர்ல, பணமதிப்பிழப்பு அறிவிச்ச அடுத்த மாசம், சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா நடத்தின இ-ஏலத்துல ஒருத்தர் 12.27 கோடிக்கு ஜெயிச்சார். 25 சதவீதம், அதாவது 3 கோடிக்கு மேல கட்டினார். பாங்க் அவகாசம் கொடுத்தும் பாக்கியைப் புரட்ட முடியல. சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் அவருக்குப் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிற மாதிரிதான் தீர்ப்பு. ஆனா 2024 பிப்ரவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மொத்தத்தையும் பாங்க் பறிமுதல் செஞ்சது செல்லும்னு சொல்லிடுச்சு. பாங்குக்கு எவ்வளவு நஷ்டம்னு கணக்குப் பார்த்து அந்த அளவுக்கு மட்டும் பிடிக்கணும்கிற வாதம் எடுபடல.

அவர் நிலைமையில நம்ம ஊர் லேத் பட்டறைக்காரர் ஒருத்தரை வைச்சுப் பாருங்க. நம்ம உதாரணத்துல போறது 20 லட்சம். அது அவர் வீட்டு நகையா இருக்கலாம்.

எல்லையில இருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை

"அடுத்த வேலை நாள்"னா எந்த ஊர் வேலை நாள்? நவம்பர் 1 கர்நாடக ராஜ்யோத்சவம். அத்திப்பள்ளி தாண்டினா பாங்க் லீவு, ஓசூர்ல திறந்திருக்கும். உங்க கணக்கு பெங்களூரு கிளையில இருந்து, பெரிய தொகைக்கு நேர்ல செக் கொடுத்துதான் அனுப்பணும்னா அன்னைக்கு மாட்டிக்குவீங்க. ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர்ல இருந்து 24 மணி நேரமும் ஓடுது, உண்மைதான். ஆனா நெட்பாங்கிங்ல தினசரி வரம்பு இருக்கும். புதுசா சேர்த்த கணக்குக்கு முதல் நாளே பெரிய தொகை அனுப்பப் பல பாங்குகள் விடாது. அதனால வரம்பை ஏலத்துக்கு முந்தின வாரமே ஏத்தி வைங்க. இரண்டாம், நான்காம் சனிக்கிழமையையும் மறக்காதீங்க.

மரியாதைன்னு ஒண்ணு இருக்கு

* பணம் அனுப்பின உடனே யுடிஆர் எண்ணோட அதிகாரம் பெற்ற அலுவலருக்கு மெயில் போடுங்க. அவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும்னு விடாதீங்க.
* அவகாசம் வேணும்னா கெடு முடியறதுக்கு முன்னாடியே எழுதிக் கேளுங்க. "சார் போன்ல ஓகேன்னாரு" செல்லாது.
* அறிவிப்புல இருக்கிற கணக்குக்கு மட்டுமே கட்டுங்க. "நான் முடிச்சுத் தரேன்"னு வர்ற புரோக்கர் கையில காசு கொடுக்காதீங்க.
* 50 லட்சம், அதுக்கு மேல உள்ள அசையாச் சொத்துக்கு 1 சதவீத டிடிஎஸ் பிடிச்சுக் கட்டவேண்டியது வாங்குற நீங்கதான்.
* வாங்குற எண்ணமே இல்லாம விலையை ஏத்திவிட்டு விளையாடாதீங்க. அந்த ஷெட்டை இழக்கிறவரும் ஒரு தொழில்காரர்தான். உங்களால மறு ஏலம் வந்து விலை குறைஞ்சா, அவர் தலையில இருக்கிற கடன் அந்த அளவுக்குக் குறையாம நிக்கும்.

கடைசியா ஒண்ணு. பாங்க் லோன் வாங்கித்தான் பாக்கியைக் கட்டப்போறீங்கன்னா, லோன் சாங்ஷன் லெட்டர் கைக்கு வந்த பிறகு ஏலம் கேளுங்க. ஜெயிச்சிட்டு லோனுக்கு அலைய 15 நாள் பத்தவே பத்தாது.