தாத்தாவின் தட்டு

தாயில்பட்டி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். சிவகாசியில் உங்கள் அச்சகத்தில் நடந்த முகாமில் உனக்கு பிரஷர் 150-ஐத் தாண்டியதாம். உன் அம்மா போனில் அழுதாள். அவளிடம் நீ சொன்ன பதில்தான் எனக்கு எரிச்சல்: "தாத்தாவும் எண்ணெயும் உப்புமாகத்தானே சாப்பிட்டார், எண்பது வரைக்கும் இருந்தாரே!"

இருந்தார். கம்பங்கூழுக்குக் கருவாடும் மோர்மிளகாயும். சாத்தூர் போய்வந்தால் அரைக்கிலோ காராச்சேவு, வீடு வருவதற்குள் பாதி காலி. ஆனால் அவர் கரிசலில் ஏர் பிடித்தவர். சாலுக்குச் சால் ஓரடி என்று வைத்தாலும் ஒரு ஏக்கரை ஒரு தடவை உழ 13 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு நாளில் பாதிதான் முடியும் என்றே வை. அதையும் காலில் அப்பிய மண்ணோடு நடந்து பார்.

கனடாவில் அமிஷ் என்றொரு கூட்டம், இன்றும் குதிரை பூட்டி உழுகிறவர்கள். இறைச்சி, உருளைக்கிழங்கு, முட்டை, கேக் என்று ஒன்றையும் விடுவதில்லை. 2004-இல் வெளியான ஆய்வில் அவர்கள் இடுப்பில் கருவி கட்டி எண்ணினார்கள்: ஆண்கள் நாளுக்குச் சராசரியாக 18,000 எட்டுக்கு மேல். அந்த ஆண்களில் ஒருவர்கூட உடல்பருமன் கணக்கில் வரவில்லை.

நீ காலண்டர் டிசைன் என்று பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால். ராத்திரி எண்ணெய் பரோட்டா நாலு, மிதக்க மிதக்கச் சால்னா. ஏரை விட்டுவிட்டுத் தட்டை மட்டும் வாரிசாக வாங்கிக்கொண்டாய்.

"சாயங்காலம் உடம்பு அசந்துபோகுதே" என்பாய். உன் அத்தையும் அசந்துதான் வருகிறாள். பட்டாசு ஆலையில் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து சரம் பின்னுகிறாள். விரல் ஓடுகிறது, இடுப்பு அசைவதில்லை. நாலு வருஷமாகச் சர்க்கரை. அசதியை உழைப்புக் கணக்கில் எழுதாதே.

நடந்தால் எல்லாம் கரைந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. மாவும் எண்ணெயும் நடையில் எரியும், உப்பு எரியாது. நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஊறுகாயும் கருவாடும் அதை ஒரே வேளையில் தின்றுவிடும். தாத்தா கடைசி இரண்டு வருஷம் பக்கவாதம் வந்து கட்டிலில் கிடந்தார். நீ அப்போது சின்னப் பையன், அதனால்தான் எண்பது மட்டும் நினைவிருக்கிறது.

டாக்டர் மாத்திரை கொடுத்தால் மறுக்காமல் போடு. வாரத்தில் அஞ்சு நாள், அரைமணி வேகமாக நட. பரோட்டாவை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்.

வருகிற ஞாயிறு ஊருக்கு வா. வெம்பக்கோட்டை அணைக்கரையில் இருவரும் நடப்போம். காராச்சேவு வாங்கி வைக்கமாட்டேன்.

அன்புடன்,
மாமா