மன்னிப்பும் மனக்காயமும்

கணவனின் கொடுமைக்கு ஆளான பெண், உடன்பிறந்தவரால் சொத்தில் ஏமாற்றப்பட்டவர், சிறு வயதில் உறவினரால் சீரழிக்கப்பட்டவர். இத்தகையோர் உறக்கமிழந்து மனநல மருத்துவரை நாடும்போது, “என்னால் மன்னிக்க முடியவில்லையே, என் ஈமான் குறைந்துவிட்டதா?” என்ற அச்சத்தையும் சுமந்தே செல்கின்றனர். “மன்னித்து மறந்துவிடு, அதுதான் மார்க்கம்” என்று சொல்லி, வீட்டாரும் அச்சுமையைக் கூட்டிவிடுகின்றனர். மார்க்கம் கூறுவது என்ன என்பதை நாம் நிதானமாகப் பார்ப்போம்.

மன்னிப்பின் உயர்வில் ஐயமில்லை. தம் மகளார் ஆயிஷா (ரலி) மீது சுமத்தப்பட்ட அவதூறில் பங்கு கொண்ட உறவினர் மிஸ்தஹுக்கு இனி உதவுவதில்லை என அபூபக்ர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்தார்கள். அந்நூர் அத்தியாயத்தின் 22-வது வசனம் இறங்கியதும், அல்லாஹ்வின் மன்னிப்பை விரும்பி, அந்த உதவியைத் திரும்பவும் தொடர்ந்தார்கள்.

அதே திருமறை, அஷ்ஷூரா அத்தியாயத்தின் 40-வது வசனத்தில் தீமைக்கு அதன் அளவே பதில் என்று நீதியை முதலில் நிறுத்துகிறது. பிறகே, மன்னித்துச் சமாதானம் செய்பவரின் கூலி அல்லாஹ்விடம் உள்ளது என்கிறது. அடுத்த வசனமோ, அநீதிக்குள்ளானவர் தம் உரிமையைக் கேட்டால் அவர்மீது குற்றமில்லை என்கிறது. ஆகவே மன்னிப்பது சிறப்பு. நீதி கேட்பது பாவமன்று.

இன்னொன்றையும் கவனிப்போம். உஹதுப் போரில் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷி, பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி வந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பழிவாங்கவில்லை. ஆயினும், தம் கண்ணில் படாமல் இருக்க முடியுமா என்று அவரிடம் கேட்டார்கள். அகிலத்தின் அருட்கொடையான அவர்களுக்கே அந்த வேதனை இருந்ததெனில், காயம் ஆறாமலிருப்பது ஈமானின் குறை என்று நாம் எப்படிச் சொல்வது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1985-ல் மன்னிப்பைப் பற்றிய ஆய்வைத் தொடங்கிய மனோதத்துவப் பேராசிரியர் ராபர்ட் என்ரைட்டும் இவ்வேறுபாட்டை வலியுறுத்துகிறார். மன்னிப்பது வேறு, மீண்டும் கூடி வாழ்வது வேறு. மன்னிப்பதென்றால் குற்றத்தைச் சரியென்பதோ மறப்பதோ அன்று. முதலில் நோயாளி தம் கோபத்தையும் வலியையும் வெளிப்படையாக உணர்ந்து கொள்ள வேண்டும் என்பதே அவர் வகுத்த சிகிச்சையின் முதற்படி.

எனவே சகோதர சகோதரிகளே, காயப்பட்டவரை அவசரப்படுத்தாதீர்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள், அநீதியை அநீதி என்றே சொல்லுங்கள், அவருக்குப் பாதுகாப்பளியுங்கள். மன்னிப்பு அவர் மனத்தில் தானாகக் கனியட்டும். வல்ல நாயன் காயப்பட்ட உள்ளங்களுக்கு ஆறுதல் அருள்வானாக! ஆமீன்.