வெள்ளை மணிப்பூவும் விற்பவர் வாக்கும்

செடி விற்போர் செடியுடன் வாக்கையும் சேர்த்தே விற்கின்றனர். அங்கத்தினர்கள் இதனை உணர, ஐரோப்பியத் தோட்டங்களில் வளரும் மணிப்பூச் செடி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

காம்பனுலா பெர்சிசிபோலியா என்று லின்னேயஸ் 1753-இல் பெயரிட்ட இச்செடி பல்லாண்டு வாழ்வது. இலை பீச் மரத்து இலையை ஒத்தது. இரண்டு மூன்றடித் தண்டில் ஜூன், ஜூலை மாதங்களில் மணி வடிவ மலர்கள் பூக்கும். இயல்பான நிறம் நீலம். வெள்ளை அதன் ஒரு வகை.

நீர் தேங்காத மண்ணும், வெயிலோ அரை நிழலோ இதற்கு ஏற்றவை. விதை மிக நுண்ணியது; மண்ணால் மூடாது மேலே தூவ வேண்டும்.

இனி முக்கியமான செய்தி. தேனீக்கள் நீலப்பூவின் மகரந்தத்தை வெள்ளைப்பூவுக்குக் கொண்டு வருகின்றன. ஆகவே வெள்ளைச் செடியின் விதையிலிருந்து நீலச் செடியும் தோன்றும். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் பூத்த பின்னரே உண்மை வெளிப்படும். அதற்குள் வாங்கியவருக்கு ஓராண்டு உழைப்பு வீண். விற்றவருக்கு நாணயம் போயிற்று.

பரிகாரம் எளிது. பூத்து நிறம் உறுதியான செடிக்கு அடையாளக் குச்சி நடுக. இரண்டு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை, வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ, அத்தூரைத் தோண்டி வேருடன் பிரித்து நடுக. வாடிய பூக்களைக் கிள்ளிவிடின் விதை சிதறி நீல நாற்று கலவாது; மீண்டும் பூப்பதும் உண்டு.

விதை நாற்றை விற்பதாயின், நிறம் உறுதியில்லை என எழுதி விற்பதே நேர்மை. சங்கத்தில் ஒருவர் வாக்குத் தவறினால் அனைவர் பெயரும் கெடுமன்றோ?