தேதி போட்டுக் கிழித்த கோடு

அன்புள்ள அம்மணிக்கு,

பெரியப்பா எழுதுவது.  

போனில் நீ கேட்டதை ரெண்டு நாளாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். "எங்களுக்கெல்லாம் வயசாகும்போது பென்ஷன்னு ஒண்ணு இருக்குமா பெரியப்பா? இல்லாட்டி இப்பவே எடுத்துக்கறதா?" என்றாய். கம்பெனி மாறியதும் விடுதியில் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகள் எல்லாம் 10-சி படிவம் போட்டுப் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னாய். மில் டைம் ஆபீசில் பி.எஃப். தாள்களோடு காலம் தள்ளியவன் என்று என்னிடம் கேட்கிறாய். அவசரத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

பென்ஷன் இருக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலையில் கதவைச் சாத்திவிட்டு "இனி கிடையாது" என்று எந்த அரசும் சொல்லாது, சொல்லிவிட்டு ஓட்டுக் கேட்க வர முடியாது. ஆனால் இருக்கிறது என்பது ஒன்று, அதை வைத்து வாழ முடியும் என்பது வேறு. உன் வயதுக்காரர்கள் முதல் சந்தேகத்திலேயே நின்றுவிடுகிறீர்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றி.

உன் சம்பளச் சீட்டை எடுத்துப் பார். உன்னிடம் பிடிக்கும் 12 சதவீதத்தில் ஒரு காசுகூட பென்ஷனுக்குப் போவதில்லை, அத்தனையும் உன் பி.எஃப். கணக்குக்கே. கம்பெனி போடும் 12 சதவீதத்திலிருந்துதான் 8.33 சதவீதத்தைப் பிரித்து பென்ஷன் நிதியில் சேர்க்கிறார்கள். 2014 செப்டம்பரிலிருந்து அதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய், ஆகவே மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் போகாது. மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதம் போடுகிறது. பாஸ்புக்கில் இந்தப் பென்ஷன் தொகை இருக்கும் மூன்றாவது பத்தியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு வட்டியே ஏறலையே" என்று மில்லில் வந்து கேட்காத ஆளில்லை. ஏறாது. அது உன் பெயரில் குவியும் சேமிப்பு இல்லை, எல்லோருக்குமான பொது நிதி. அங்கே உன் பெயரில் சேர்வது சர்வீஸ் மட்டும்தான்.

அந்தச் சர்வீஸை வைத்துத்தான் கணக்கு. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். நீ 25 வயதில் சேர்ந்தாய். 58 வரை விடாமல் வேலை பார்த்தால் 33 ஆண்டு. 20 ஆண்டு முடித்தவர்களுக்கு 2 ஆண்டு கூடுதலாகத் தருவார்கள், ஆக 35. இன்றைய உச்சவரம்பே நீடித்தால் 15,000 இண்டு 35, வகுத்தல் 70. மாதம் 7,500 ரூபாய்.

விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள். 30 ஆண்டில் எல்லாம் நாலு மடங்கைத் தாண்டிவிடும். அன்றைக்கு உன் கையில் வரும் 7,500 ரூபாய், இன்றைக்கு 1,700 சொச்சம் ரூபாய்க்கு என்ன வாங்கலாமோ அதைத்தான் வாங்கும். உச்சவரம்பை அதற்குள் உயர்த்த மாட்டார்களா என்றால், உயர்த்துவார்கள். 1994-இல் 5,000, 2001-இல் 6,500, 2014-இல் 15,000 என்று ஏறித்தான் வந்திருக்கிறது. ஆனால் எப்போது ஏறும் என்று சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு வரும் தொகைக்குப் பஞ்சப்படியும் கிடையாது. எனக்கு மாதம் மூவாயிரத்துச் சொச்சம் வருகிறது. 2018-இல் முதல் மாதம் எவ்வளவு வந்ததோ, அதே தொகை. குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014-இல் அறிவித்தார்கள், அதற்கு முந்தைய ஆண்டே நாடாளுமன்றத்தில் கோஷியாரி குழு 3,000 வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. பத்தாண்டு கடந்தும் அந்த ஆயிரம் அசையவில்லை.

இனி நான் சொல்வதுதான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். நிதியில் இடிக்கும்போது அரசு பென்ஷனை நிறுத்துவதில்லை. ஒரு தேதியைக் குறித்து ஒரு கோடு கிழிக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொன்னபடி கொடுக்கும், இந்தப் பக்கம் வருபவர்களுக்குக் குறைத்துவிடும். என் கண்முன்னால் இது திரும்பத் திரும்ப நடந்தது. முன்பெல்லாம் ஓய்வு பெறுகிறவர் பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மொத்தமாக ஒரு தொகை வாங்கலாம். 2008 செப்டம்பர் 26-ஆம் தேதியோடு அது போனது. அதற்கு முன் வாங்கியவர்கள் வாங்கியதுதான், பின்னால் வந்தவர்களுக்கு இல்லை. 2014 செப்டம்பர் 1-இல் அடுத்த கோடு. அதுவரை 12 மாதச் சராசரியாக இருந்தது 60 மாதம் ஆனது. சம்பளம் ஏறிக்கொண்டு போகும் ஆளுக்கு ஐந்து வருடச் சராசரி என்றால் பென்ஷன் இறங்கத்தான் செய்யும். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இந்த மாற்றம் செல்லும் என்றுவிட்டது. அதே 2014 செப்டம்பர் 1 முதல், முதன்முதலாக வேலைக்குச் சேரும்போதே அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 15,000-ஐத் தாண்டினால் அவருக்கு இந்தப் பென்ஷனே கிடையாது. கம்பெனியின் 12 சதவீதமும் பி.எஃப்.புக்குப் போய்விடும். பெங்களூரில் கணினி வேலைக்குப் போன நம் சொந்தக்காரப் பையன்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? பென்ஷன் ஏதோ சேர்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அரசு வேலையிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1, மத்திய அரசில் 2004 ஜனவரி 1. அதற்கு முந்தின மாதம் பணியில் சேர்ந்த ஆசிரியருக்குப் பழைய பென்ஷன், அடுத்த மாதம் சேர்ந்தவருக்குச் சம்பளத்தில் பிடித்தம். ஒரே பள்ளிக்கூடம், பக்கத்துப் பக்கத்து வகுப்பறை.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. இ.பி.எஸ். என்கிற இந்தத் தொழிலாளர் பென்ஷனுக்காக டெல்லி ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்பவர்கள் எல்லாம் எழுபது வயதுக்காரர்கள், கைத்தடியோடு வந்த கிழவர்கள். அவர்கள் கேட்பது நியாயமானது, நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான். ஆனால் கோடு கிழிக்கப்படுவது அவர்களுக்கு அல்ல, உங்களுக்கு. 2014-இல் சூத்திரத்தை மாற்றியபோது அதனால் அதிகம் இழக்கப்போகிறவர்கள் அப்போது கல்லூரியில் இருந்தார்கள், அவர்கள் சார்பில் பேச ஆளில்லை. அரசு ஊழியர்கள் அப்படி விடவில்லை. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்து ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலை நீக்கம் ஆனார்கள். அவ்வளவு அடி வாங்கிய பிறகும் பேச்சைக் கைவிடவில்லை, ஒவ்வொரு தேர்தலிலும் கட்சிகள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ராஜஸ்தானும் இமாச்சலமும் பழைய திட்டத்துக்குத் திரும்புகிறோம் என்று அறிவித்த பிறகு மத்திய அரசும் இறங்கி வந்தது. 25 ஆண்டு சர்வீஸ் போட்டவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி உறுதி என்று 2025 ஏப்ரல் 1 முதல் புதிய திட்டம் வந்தது. பென்ஷன் கிடைக்குமா என்று என்னைக் கேட்கிறாயே அம்மணி, அந்தக் கேள்வியை உங்கள் யூனியன் கூட்டத்தில் எழுந்து கேள். உச்சவரம்பு விலைவாசியோடு சேர்ந்து தானாக ஏற வேண்டும் என்று கேள். உங்கள் தொழிற்சாலையில் யூனியன் இல்லை என்றால், அது இல்லாததும் உன் பென்ஷனைப் பாதிக்கிற விஷயம்தான்.

இப்போது 10-சி விஷயம். மூன்று வருடம் முடித்தவர் பென்ஷன் பணத்தை எடுத்தால் கடைசிச் சம்பளத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தருவார்கள். 15,000 கணக்கில் 45,000 ரூபாய் அளவுக்கு வரும். 36 மாதம் 1,250 வீதம் கம்பெனி போட்டதும் 45,000-தான். போட்டதைத் திருப்பித் தருகிறார்கள், அவ்வளவே. எடுக்காமல் சர்வீஸாக விட்டால் அந்த மூன்று வருடத்துக்கு 58 வயதுக்குப் பின் மாதம் சுமார் 640 ரூபாய். உன் சிநேகிதி சொன்னாளே, 45,000-ஐ 8 சதவீத வட்டியில் போட்டு வைத்தால் 30 வருடத்தில் நாலரை லட்சம் ஆகும், அதன் வட்டியே இதைவிட அதிகம் என்று. அவள் கணக்கு சரி. மறைத்து உனக்கு உபதேசம் செய்ய நான் விரும்பவில்லை. ஆனால் எடுத்த பணத்தை 30 வருடம் தொடாமல் வைத்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. வண்டி முன்பணம், அக்கா பிள்ளைக்குக் காதுகுத்துச் சீர், செல்போன் என்று மூன்று மாதத்தில் கரைந்துவிடும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. பென்ஷனுக்கு 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் முழு ஆண்டாக எடுத்துக்கொள்வார்கள், அதற்குக் குறைந்தால் இல்லை. நடுவில் எடுத்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். நூற்பாலைக்குத் திருமணத்துக்கு முன் வந்த பெண்கள் மூணு வருடம், நாலு வருடம் என்று தனித்தனி நம்பரில் வேலை செய்து ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் திரும்ப வந்து, 58 வயதில் ஒன்பது வருடம் நாலு மாதம் என்று கணக்கு நின்றபோது அவர்கள் முகத்தைப் பார்த்தவன் நான். மொத்தமாகக் கூட்டினால் இருபது வருடம் உழைத்த கைகள். இன்னொன்று, நீ இப்போது உறுப்பினராக இருப்பதால் சம்பளம் 15,000-ஐத் தாண்டினாலும் உறுப்பினராகவே தொடர்வாய். எடுத்துவிட்டு, அடுத்த கம்பெனியில் அதற்கு மேற்பட்ட சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தால் அந்த 2014-ஆம் ஆண்டுக் கோட்டுக்கு வெளியே நின்றுவிடுவாய். சம்பளம் உச்சவரம்புக்கு மேல் இருக்கும்வரை திரும்ப உள்ளே வர வழி கிடையாது.

இந்தப் பென்ஷனில் ஆட்கள் கவனிக்காத நல்ல பகுதி ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு மாதம் பணம் கட்டியிருந்து, வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் குடும்பத்துக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு. வாழ்க்கைத் துணைக்கு ஆயுள் வரை அல்லது மறுமணம் வரை, பிள்ளைகள் இரண்டு பேருக்கு 25 வயது வரை. வேலைக்காலத்தில் முழு ஊனம் நேர்ந்தாலும் 10 ஆண்டு நிபந்தனை இல்லை. கணவனைக் கார்டிங் மெஷினிடம் பறிகொடுத்த ஒரு பெண்ணுக்கு நான் தாள் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சின்னத் தொகை மாதா மாதம் தவறாமல் வந்ததால் அவள் தன் மகனைப் பாலிடெக்னிக் முடிக்க வைத்தாள். நீ இன்னும் நாமினியைப் பதிவு செய்யவில்லை என்று உன் அப்பன் சொன்னான். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆன்லைனில் முடித்துவிடு.

முதுமைக்கு உண்மையில் நீ சாய்ந்துகொள்ள வேண்டிய தூண் பி.எஃப்.தான். உன்னுடைய 12 சதவீதம், கம்பெனியின் மிச்சம் 3.67 சதவீதம், இரண்டும் உன் பெயரில் வட்டியோடு வளர்கிறது. 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள், பெரிய வங்கிகளின் சாதாரண டெபாசிட்டில் அவ்வளவு கிடைக்கவில்லை. அதில் கை வைக்காதே. கல்யாணத்துக்கு, வீட்டுக்கு என்று முன்பணம் எடுக்க விதி இடம் கொடுக்கும். உன் அப்பனே கேட்டாலும் "பெரியப்பா வேண்டாம்னுட்டாரு" என்று என் மேல் பழி போடு. முடிந்தால் எச்.ஆரிடம் சொல்லி 12-க்கு மேல் இன்னும் கொஞ்சம் பிடிக்கச் சொல், விருப்பப் பங்களிப்பு என்று அதற்கு வழி இருக்கிறது, வட்டியும் அதே வட்டி.

உன் தம்பியை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் கெடுகிறது. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் அவனுக்கு பி.எஃப். இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. அவனை அடல் பென்ஷன் யோஜனாவில் சேரச் சொல். வருமான வரி கட்டாதவர்கள் 40 வயதுக்குள் தங்கள் வங்கியிலேயே சேரலாம். 60 வயதுக்குப் பின் மாதம் 5,000 ரூபாய்க்கு 25 வயதுக்காரன் மாதம் 376 ரூபாய் கட்டினால் போதும். அதையே 40 வயதில் ஆரம்பிப்பவன் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். அந்த 5,000-ஐயும் விலைவாசி தின்னத்தான் போகிறது. ஆனாலும் மத்திய அரசு உத்தரவாதம் கொடுத்த தொகை, எதுவும் இல்லாததற்கு அது பெரிது.

இப்படி எதிலும் சேராமல் வயதான ஏழைகளுக்கு அரசு தரும் பென்ஷனில், எண்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு மத்திய அரசின் பங்கு பல ஆண்டுகளாக 200 ரூபாயிலேயே நிற்கிறது, இங்கே மாநில அரசு தன் பங்கைப் போட்டு 2023-இல் 1,200 ஆக்கியது. ஒரே முதியவர், ஒரே பசி. கேட்கிற இடத்தில் ஏறியது, கேட்காத இடத்தில் நின்றது. இனி முதியவர்கள் பெருகத்தான் போகிறார்கள். தமிழ்நாட்டில் 2021-லேயே நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். 2031-இல் பதினெட்டைத் தொடும் என்று மத்திய அரசின் மதிப்பீடு. நீ அறுபதைத் தொடும்போது உன் தலைமுறைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் இருக்கும். அந்தப் பிள்ளை தோளில் எல்லாப் பாரத்தையும் ஏற்ற முடியாது.

பொங்கலுக்கு வரும்போது நீ இதுவரை விலகிய மூன்று கம்பெனியின் ரிலீவிங் லெட்டரும் ஆதாரும் எடுத்துக்கொண்டு வா. முதல் கம்பெனியில் உன் இனிஷியலை மாற்றிப் போட்டிருப்பதாகச் சொன்னாய். பிறந்த தேதியும் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் ஆதாரோடு பொருந்துகிறதா, மூன்று சர்வீஸும் யு.ஏ.என். என்கிற ஒரே பி.எஃப். அடையாள நம்பரில் ஏறியிருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிடுவோம். உன் சிநேகிதிகளில் இன்னும் 10-சி போடாதவர்கள் இருந்தால் பொங்கல் வரை பொறுக்கச் சொல்.

அன்புடன்,
உன் பெரியப்பா