வேலை இழந்தவருக்கு நாம் தரவேண்டியது என்ன?



மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடும் அறிவிப்பு 2021 செப்டம்பர் 9 அன்று வந்தது. 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரிலேயே நின்றுவிட்டது. நிரந்தரத் தொழிலாளர்களுக்காவது இழப்பீடு கிடைத்தது. உதிரிபாகப் பட்டறையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர், ஷிப்ட் வேன் ஓட்டியவர், ஆலை வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் ஆகியோர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரி வரை நம் ஜமாஅத்துகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள்.

அப்போது நாம் அரிசியும் மளிகையும் கொடுத்தோம். பசித்த வீட்டுக்கு அது கடமைதான். மறு ரமளானிலும் அதே முகங்கள் அதே வரிசையில் நின்றபோதுதான் நம் குறை நமக்கே புரிந்தது. "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று நாம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மக்காவில் எல்லாவற்றையும் விட்டு மதீனா வந்த முஹாஜிர்களுக்காக, "எங்கள் பேரீச்ச மரங்களைப் பங்கிட்டுக் கொடுங்கள்" என்று அன்ஸாரிகள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நபியவர்கள் சம்மதிக்கவில்லை. தோட்ட வேலையை முஹாஜிர்கள் ஏற்பது, விளைச்சலை இருவரும் பகிர்வது என்றே முடிவானது. இதை புகாரீயில் காண்கிறோம். ஒருவர் மரத்தைத் தந்தார், மற்றவர் உழைப்பைத் தந்தார். எவரும் கையேந்தி நிற்கவில்லை.

ஜகாத்திலும் இந்த வழி உண்டு. தொழில் தெரிந்த ஏழைக்கு, அவருடைய தொழிற்கருவியை வாங்கும் அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம் என இமாம் நவவீ (ரஹ்) எழுதியுள்ளார்கள். தையல் தெரிந்த சகோதரிக்கு மெஷினும், வெல்டிங் தெரிந்த தம்பிக்கு அதற்கான கருவியும் அப்படிப்பட்டவை.

இது ஒரு டிரஸ்ட்டால் மட்டும் ஆகிற காரியமல்ல. மூன்று கைகள் சேர வேண்டும்.

1. கடை, பட்டறை நடத்தும் சகோதரர்கள்: ஆள் தேவைப்படும்போது முதலில் பள்ளிவாசலில் சொல்லுங்கள். தொழில் பழக ஓர் இளைஞரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். கூலியைப் பேசி முடிவு செய்து, தாமதமின்றிக் கொடுங்கள்.

2. ஜமாஅத்: வேலை தேடுவோரின் பெயரையும் அவர்களுக்குத் தெரிந்த தொழிலையும் ஒரே பதிவேட்டில் எழுதுவோம். பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாத அழகிய கடன் தருவோம்.

3. அரசு: வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தனியார் துறை முகாம்கள், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் இலவசப் பயிற்சிகள் நமக்கும் உரியவை. முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் திரட்டும் நன்கொடைக்கு அரசு இணை மானியமும் தருகிறது. விதவையரும் கைவிடப்பட்ட சகோதரிகளும் இதைக் கேட்டுப் பெறலாம்.

ஆலையை மீண்டும் இயக்கும் எண்ணத்தை 2024 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் வீட்டு வாடகை அதுவரை காத்திருக்காது.

கைபர் வெற்றிக்குப் பிறகு, தங்களுக்குத் தரப்பட்டிருந்த மரங்களை முஹாஜிர்கள் அன்ஸாரிகளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று நம்மிடம் வேலை கேட்பவர், இன்ஷா அல்லாஹ், நாளை நம் பைத்துல்மாலுக்குக் கொடுப்பவராக வருவார். வரும் ஜும்ஆவுக்குப் பின், தெரிந்த தொழிலைச் சொல்லிப் பதிவேட்டில் பெயர் எழுதுங்கள். எழுதத் தயங்கும் பக்கத்து வீட்டாரைக் கையோடு அழைத்து வாருங்கள்.