தரகு வேலையிலிருந்து எண்ணெய்ப் பணம் வரை

எக்செல் கைவந்தால் போதும் என்ற நினைப்போடுதான் பலரும் பங்குத் தரகு நிறுவனத்தில் ஆய்வாளராகச் சேர்கிறார்கள். நார்வேக்காரர் நிக்கோலாய் டாங்கன் அதற்கு முன்பே ராணுவ உளவுப் பிரிவில் ரஷ்ய மொழியும் ஆட்களை விசாரிக்கும் முறையும் பழகியிருந்தார். பிறகு அமெரிக்காவின் வார்ட்டனில் நிதிப் படிப்பு. 1992-இல் லண்டனில் கசனோவ் தரகு நிறுவனம். 1997-இல் எகர்டன் என்ற ஹெட்ஜ் ஃபண்ட்.

இந்தத் தாவல் முக்கியம். தரகு நிறுவனத்து ஆய்வாளர் அறிக்கை எழுதித் தருவார். வாங்குவதும் விடுவதும் வாடிக்கையாளர் பாடு. ஃபண்டில் உங்கள் கணிப்பின் மேலேயே பணம் இறங்கும். தப்பினால் போனஸில் தெரியும். அங்கே போக ஆசையிருந்தால், தரகு வேலையில் இருக்கும்போதே நீங்கள் பரிந்துரைத்த ஒவ்வொரு பங்குக்கும் தேதி, விலை, காரணம் எழுதிவையுங்கள். சறுக்கியவற்றையும் சேர்த்துத்தான்.

2002-இல் எகர்டனை விட்டவர் லண்டன் கோர்ட்டால்டில் கலை வரலாறு படித்தார். 2005-இல் சொந்தமாக ஏகேஓ கேபிடல் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் நிறுவனம். பிறகு சமூக உளவியலில் இன்னொரு முதுகலை. (கையில் காசிருந்தால் யாரும் படிக்கலாம்தான், வீட்டுக் கடன் கட்டுகிறவருக்கு மாலை வகுப்பே கதி.)

2020 மார்ச்சில், நார்வேயின் எண்ணெய் வருமானத்தை முதலீடு செய்யும் அரசு நிதியத்துக்குத் தலைவராக அறிவிக்கப்பட்டார். உலகப் பங்குச் சந்தைகளில் ஏறத்தாழ 1.5 சதவீதம் இதன் கையில். உடனே வம்பு கிளம்பியது. முந்தைய நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் அவர் நடத்திய ஆடம்பரக் கருத்தரங்குக்கு, பாடகர் ஸ்டிங்கின் கச்சேரி உட்பட, அப்போதைய நிதியத் தலைவரும் போயிருந்தார்! விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. ஏகேஓ பங்குகளை அறக்கட்டளைக்கு மாற்றி, ஃபண்டுகளில் போட்டிருந்த பணத்தை வங்கியில் போடச் சம்மதித்த பிறகே செப்டம்பரில் பொறுப்பேற்றார். பொதுப்பணம் புழங்கும் வேலைக்குப் போகிறவர்கள் சொத்து விவரம், கொடுத்த விருந்து, வாங்கிய விருந்து எல்லாவற்றையும் யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் அது வாக்குமூலம் ஆகிவிடும்.

வேலைக்குள் வந்தபின் நட்பும் இடிக்கும். எலான் மஸ்க்கைத் தன் பாட்காஸ்டில் பேட்டி கண்டவர் டாங்கன். 2024 ஜூனில் மஸ்க்கின் பிரம்மாண்டமான டெஸ்லா ஊதியத் திட்டத்தை எதிர்த்து, பங்குதாரர் என்ற முறையில் நிதியம் வாக்களித்தது. அதன்பின் டாங்கன் அவரை ஆஸ்லோவில் சாப்பிட அழைத்தார். மஸ்க் மெசேஜிலேயே முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டார். 2025 நவம்பரில் அடுத்த ஊதியத் திட்டம் வந்தபோதும் நிதியத்தின் வாக்கு எதிராகவே விழுந்தது.