கேர்லிங்: பனித்தரையில் ஒரு கல் விளையாட்டு

சுகாதாரமும் உடற்கல்வியும் – மேலதிக வாசிப்பு



கரம் விளையாடும்போது பலகையில் பவுடர் தூவுகிறோம். உராய்வு குறைந்தால் காய் இலகுவாக வழுக்கிச் செல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது அந்தப் பலகைக்குப் பதிலாக 45 மீற்றர் நீளமான பனிக்கட்டித் தரையையும், காய்க்குப் பதிலாக ஏறத்தாழ 20 கிலோகிராம் திணிவுடைய கருங்கல்லையும் கற்பனை செய்து பாருங்கள். அதுவே கேர்லிங்.

வெப்ப நாட்டில் வாழும் எமக்கு இது புதிய விளையாட்டாகத் தோன்றலாம். எனினும் இரண்டு விடயங்களை விளங்கிக்கொண்டால் எந்தப் போட்டியையும் நீங்கள் பார்த்து ரசிக்க முடியும். ஒன்று, புள்ளி வழங்கப்படும் முறை. மற்றையது, இறுதிக் கல்லின் பெறுமதி.

1. வரலாறு

கேர்லிங் ஸ்கொட்லாந்தில் தோன்றியது. குளிர்காலத்தில் உறைந்துபோன குளங்களின் மீது மக்கள் கற்களைத் தள்ளி விளையாடினர். 1511 என ஆண்டு பொறிக்கப்பட்ட கேர்லிங் கல் ஒன்று அங்கு கிடைத்துள்ளது. ஸ்கொட்லாந்திலிருந்து குடியேறியவர்கள் மூலம் இவ்விளையாட்டு கனடாவுக்குப் பரவியது.

நினைவில் வைத்திருக்க வேண்டிய ஆண்டுகள்:
• 1924 – பிரான்ஸின் சமோனியில் நடைபெற்ற முதலாவது குளிர்கால ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.
• 1998 – ஜப்பானின் நகானோவில் மீண்டும் பதக்கத்துக்குரிய விளையாட்டாயிற்று. ஆண், பெண் இருபாலாரும் போட்டியிட்டனர்.
• 2006 – சக்கர நாற்காலிக் கேர்லிங் பராலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது.
• 2018 – ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆடும் கலப்பு இரட்டையர் போட்டி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது.

2. ஆடுகளமும் கல்லும்

ஆடுகளத்தின் இரு முனைகளிலும் வட்டங்களுக்குள் வட்டங்களாக வரையப்பட்ட இலக்கு ஒன்று உண்டு. இது ‘வீடு’ என அழைக்கப்படும். இதன் விட்டம் 3.66 மீற்றர். ஒரு வீட்டின் மையத்திலிருந்து மற்றைய வீட்டின் மையத்துக்கு 34.75 மீற்றர் தூரம். ஒவ்வொரு மையத்துக்கும் 6.40 மீற்றர் முன்பாக ‘ஹொக் கோடு’ வரையப்பட்டிருக்கும்.

கல்லின் திணிவு, கைபிடி உட்பட, 19.96 கிலோகிராமுக்கு மேற்படக் கூடாது. ஒலிம்பிக் போட்டிகளுக்கான கற்கள் ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள எயில்சா கிரெய்க் என்னும் சிறு தீவின் கருங்கல்லால் செய்யப்படுகின்றன. கல்லின் அடிப்பக்கம் குழிவானது. ஒடுங்கிய வளையம் ஒன்று மட்டுமே பனியைத் தொடும்.

பனித்தரையும் கண்ணாடிபோல் மட்டமானதன்று. ஆட்டத்துக்கு முன்னர் அதன்மீது சிறு நீர்த்துளிகள் தெளிக்கப்படும். அவை உறைந்து சிறு புடைப்புகளாகும். கல் அப்புடைப்புகளின் மேலாகவே வழுக்கிச் செல்லும்.

3. ஆடும் முறை

ஓர் அணியில் நால்வர். அணித்தலைவர் ‘ஸ்கிப்’ எனப்படுவார். இவர் பொதுவாக எதிர்முனையிலுள்ள வீட்டில் நின்று, கல் வரவேண்டிய திசையைத் தமது துடைப்பத்தால் காட்டுவார். ஒவ்வொரு வீரரும் இரு கற்கள் வீதம், எதிரணியுடன் மாறி மாறி ஆடுவர். இரு அணிகளும் தலா 8 கற்களாக மொத்தம் 16 கற்களையும் ஆடி முடித்தால் ஒரு சுற்று நிறைவுறும். ஒலிம்பிக்கில் நால்வர் அணிப் போட்டி 10 சுற்றுகளைக் கொண்டது.

வீரர் காலால் உந்திக் கல்லுடன் வழுக்கிச் சென்று, அருகிலுள்ள ஹொக் கோட்டை அடையுமுன் அதனை விட்டுவிட வேண்டும். கல் தொலைவிலுள்ள ஹொக் கோட்டை முழுமையாகத் தாண்டாவிடின் அகற்றப்படும். ஆட்டத்திலுள்ள வேறொரு கல்லில் மோதி நின்றால் மட்டும் இவ்விதி பொருந்தாது.

கல்லை விடும்போது வீரர் கைபிடியைச் சற்றுத் திருப்புவார். வலஞ்சுழியாகத் திருப்பினால், விடுபவரின் பார்வையில், கல் வலப்பக்கமாக வளையும். மேசையில் ஒரு கோப்பையைக் கவிழ்த்து, சுழற்றித் தள்ளினால் அது எதிர்ப்பக்கமாகவே வளையும். கல் ஏன் இவ்வாறு நடந்துகொள்கிறது என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

ஆட்டத்தின் பிரதான நோக்கங்கள் மூன்று: கல்லை வீட்டினுள் நிறுத்துதல், வீட்டுக்கு முன்பாகக் காவற்கல் வைத்தல், எதிரணியின் கல்லை மோதி அகற்றுதல். ஒரு சுற்றின் முதல் ஐந்து கற்கள் ஆடப்படும் வரை, வீட்டுக்கு வெளியே முன்புறமுள்ள எதிரணியின் காவற்கல்லை மோதி ஆட்டத்திலிருந்து அகற்றக் கூடாது.

4. துடைத்தல்

கல்லை விட்ட பின்னரும் ஆட்டம் தொடர்கிறது. இரு வீரர்கள் கல்லுக்கு முன்பாகப் பனியை வேகமாகத் துடைத்துச் செல்வர். இதனால் பனியின் மேற்பரப்புச் சிறிதளவு வெப்பமடைந்து உராய்வு குறையும். கல்லின் அமர்முடுகல் குறைவதால் அது கூடுதலாகச் சில மீற்றர் செல்லும், வளைவதும் குறையும். துடைப்பவர்களால் கல்லின் வேகத்தைக் கூட்ட முடியாது. அது குறைவதைத் தாமதிக்க மட்டுமே முடியும். இவ்வேறுபாட்டைக் கவனிக்குக.

5. புள்ளி வழங்கும் முறை

விதி: ஒரு சுற்றில் ஓர் அணி மட்டுமே புள்ளி பெறலாம். மையத்துக்கு மிக அண்மையில் கல்லை வைத்திருக்கும் அணியே அது. எதிரணியின் மிக அண்மையான கல்லை விட மையத்துக்கு அண்மையாக எத்தனை கற்கள் உள்ளனவோ அத்தனை புள்ளிகள் கிடைக்கும். வீட்டினுள் உள்ள அல்லது வீட்டின் விளிம்பைத் தொடும் கற்கள் மட்டுமே கணிக்கப்படும்.

உதாரணம்: மையத்திலிருந்து தூரம், சென்ரிமீற்றரில்.
சிவப்பு அணி: 15, 40, 95
மஞ்சள் அணி: 70, 80, 110

மஞ்சளின் மிக அண்மையான கல் 70 இல் உள்ளது. அதைவிட அண்மையில் சிவப்புக் கற்கள் இரண்டு. எனவே சிவப்பு அணிக்கு 2 புள்ளிகள். 95 இல் உள்ள சிவப்புக் கல்லுக்குப் புள்ளி இல்லை. மஞ்சள் அணிக்கு 0.

6. இறுதிக் கல்லின் பெறுமதி

ஒரு சுற்றின் 16ஆவது கல்லை ஆடும் வாய்ப்பு ‘ஹமர்’ எனப்படும். அந்தக் கல்லுக்குப் பின் எதிரணியால் பதில் ஆட முடியாது என்பதால் இது பெரும் அனுகூலமாகும். ஒரு சுற்றில் புள்ளி பெற்ற அணி, அடுத்த சுற்றில் ஹமரை எதிரணிக்கு இழக்கும். இரு அணிகளும் புள்ளி பெறாவிடின், நால்வர் அணிப் போட்டியில் ஹமர் முன்பிருந்த அணியிடமே இருக்கும்.

இப்போது நீங்கள் ஸ்கிப் எனக் கொள்வோம். ஒன்பதாவது சுற்று, 5–5 என்று சமநிலை. வீட்டில் ஒரு கல்லும் இல்லை. உங்கள் கையில் இறுதிக் கல். என்ன செய்வீர்கள்?

(அ) கல்லை வீட்டில் நிறுத்தினால் 6–5 என முன்னிலை பெறுவீர்கள். ஆனால் பத்தாவது சுற்றின் ஹமர் எதிரணிக்குச் செல்லும். அவர்கள் 2 புள்ளிகள் பெற்றால் தோல்வி உங்களுக்கே. 1 புள்ளி பெற்றால் மேலதிகச் சுற்று ஆட வேண்டும்.

(ஆ) கல்லை வீட்டைக் கடந்து செல்ல விட்டால் 5–5 மாறாது. ஆனால் ஹமர் உங்களிடமே இருக்கும். பத்தாவது சுற்றில் 1 புள்ளி பெற்றாலே வெற்றி.

அனுபவமிக்க அணிகள் பெரும்பாலும் (ஆ) வழியையே தெரிவுசெய்யும். அதிலும் ஆபத்து இல்லாமலில்லை: இறுதிக் கல்லைத் தவறவிட்டால் எதிரணி புள்ளி பெற்று வென்றுவிடலாம். எனினும் கையில் வந்த ஒரு புள்ளியை வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பது சில வேளைகளில் சிறந்த ஆட்டமாகும். கேர்லிங்கை ‘பனித்தரைச் சதுரங்கம்’ என்று கூறுவதன் பொருள் இதுதான்.

7. விளையாட்டுப் பண்பு

ஓடும் கல்லில் தனது துடைப்பமோ பாதணியோ பட்டுவிட்டால், வீரர் அதைத் தாமாகவே அறிவிக்க வேண்டும். எதிரணியினர் காணாவிட்டாலும் இது பொருந்தும். தோல்வி உறுதியானால் எஞ்சிய சுற்றுகளை ஆடாமல் கைகுலுக்கித் தோல்வியை ஏற்பதும் வழக்கம். மத்தியஸ்தர் இருந்தாலும் ஆட்டம் முதலில் வீரரின் நேர்மையையே நம்பியிருக்கிறது.

பயிற்சி வினாக்கள்

1. துடைப்பதால் கல்லில் ஏற்படும் இரு விளைவுகளைக் குறிப்பிடுக.
2. மஞ்சள் கல் ஒன்று 30 சென்ரிமீற்றரிலும், சிவப்புக் கற்கள் 35, 50, 60 சென்ரிமீற்றரிலும் உள்ளன. புள்ளி யாருக்கு, எத்தனை?
3. பத்தாவது சுற்று. உங்கள் அணி ஒரு புள்ளியால் பின்தங்கியுள்ளது, ஹமர் உங்களிடம். 1 புள்ளி மட்டும் பெற்றால் என்ன நிகழும்?

விடைகள்

1. கூடிய தூரம் செல்லும், குறைவாக வளையும்.
2. மஞ்சள் அணிக்கு 1 புள்ளி. சிவப்பு அணிக்கு மூன்று கற்கள் இருந்தும் புள்ளி இல்லை.
3. சமநிலை ஏற்பட்டு மேலதிகச் சுற்று ஆடப்படும். நீங்கள் புள்ளி பெற்றதால் அச்சுற்றின் ஹமர் எதிரணிக்குச் செல்லும். எனவே 2 புள்ளிகள் பெறவே முயல வேண்டும்.

இரண்டாம் வினாவுக்கு ‘சிவப்பு, 3’ என எழுதியிருந்தால் ஐந்தாம் பகுதியை மீண்டும் ஒருமுறை வாசிக்குக.